மதினியின் நெஞ்சில் இருந்த நீர்ப்பை

இருட்டறையில் கழுவி எடுத்த எக்ஸ்ரே படம் காய அரை மணி நேரமாவது ஆகும். தகரச் சட்டத்தில் மாட்டி, மின்விசிறிக்கு எதிரே தொங்கவிட வேண்டும். காய்ந்த பிறகுதான் அது டாக்டரின் மேஜைக்குப் போக வேண்டும் என்பது நான் தொழில் கற்ற இடத்தில் சொல்லித் தந்த முதல் விதி. டாக்டர் பார்ப்பதற்கு முன் நோயாளியிடமோ உறவினரிடமோ வாயைத் திறக்கக் கூடாது என்பது இரண்டாவது. எண்பதுகளின் நடுவில் ஒரு நாள் முற்பகல், இராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த சின்ன மருத்துவமனையில், இரண்டு விதிகளையும் ஒரே நிமிடத்தில் மீறினேன். என் கையில் சொட்டிக்கொண்டிருந்தது என் மதினியின், அதாவது அண்ணன் மனைவியின், நெஞ்சுப் படம்.

மதினிக்கு அப்போது இருபத்தாறு வயது. ஸ்ரீவில்லிபுத்தூரில் மடவார் வளாகத்துப் பக்கம் எங்கள் வீடு. அண்ணனுக்கு அங்கேயே சைக்கிள் கடை. நானும் மதினியும்தான் தினமும் இராஜபாளையத்துக்குப் பஸ் ஏறுகிறவர்கள். நான் எக்ஸ்ரே அறைக்கு, அவர் நூற்பாலைக்கு. இயந்திரச் சத்தத்தை மிஞ்சிப் பேசிப் பழகியதால் மில்காரர்கள் வீட்டிலும் கத்தித்தான் பேசுவார்கள். மதினி அடுக்களையில் உப்புக் கேட்டால் தெருமுனையில் நிற்கிறவருக்கும் கேட்கும். என்னை எக்ஸ்ரே டாக்டர் என்றுதான் கூப்பிடுவார். "எக்ஸ்ரே டாக்டருக்கு இன்னும் ரெண்டு தோசை வைக்கவா, இல்ல வயித்தப் படம் எடுத்துப் பாத்துட்டுச் சொல்லுவீகளா?" என்பார். இடுப்பில் எட்டு மாதப் பெண் குழந்தை இருக்கும். அம்மாவின் சத்தத்துக்கு அது சிரிக்கும்.

எங்கள் பக்கத்தில் மில்காரர் இருமினால் யாரும் மருந்து தேடுவதில்லை. பஞ்சு போயிருக்கிறது என்பார்கள். வேலை முடிந்து வரும்போது ஒரு துண்டு வெல்லமும் ஒரு வாழைப்பழமும் தின்றால் பஞ்சு வயிற்றுக்கு இறங்கிவிடும் என்று நம்பிக்கை. மதினியும் வெல்லம் தின்றே ஒரு வருடத்தை ஓட்டினார். இருமலோடு வலது மாரில் கல்லை வைத்தது போல ஒரு கனமும் சேர்ந்த பிறகுதான் அண்ணன் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அன்று டாக்டர் மதுரைக்குப் போயிருந்தார். நான் படம் எடுத்துக் கழுவினேன். வலது பக்கம், இதயத்தை ஒட்டினாற்போல், உருண்டையாக ஒரு நிழல் இருந்தது. அண்ணன் இருட்டறைக் கதவருகே வந்து, "ஏலே, என்னலே தெரியுது?" என்றார். எனக்கு இருபத்துமூன்று வயது. படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, "டி.பி. மாதிரி இருக்குண்ணே" என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. இப்போது அதை மறைத்து ஆகப்போவது ஒன்றுமில்லை.

'மாதிரி' என்கிற சொல் வீடு வந்து சேருவதற்குள் காணாமல் போயிருந்தது. மறுநாள் டாக்டர் சளியைச் சோதித்தார். கிருமி இல்லை. இன்னொரு முறை சோதித்தார், அப்போதும் இல்லை. "சளியில இல்லன்னா என்ன, படத்துல இருக்குல்லா" என்று ஊசியை ஆரம்பித்தார். பக்கவாட்டில் ஒரு படம் எடுத்துப் பார்க்க வேண்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை. மில்காரர் நெஞ்சில் நிழல் என்றால் ஒன்று பஞ்சு, இல்லாவிட்டால் காசம். மூன்றாவதாக ஒன்று இருக்கலாம் என்று எங்கள் ஊரில் யாரும் நினைத்ததில்லை.

அந்த வாரமே மதினி குழந்தையை மம்சாபுரத்தில் இருக்கும் தன் தாய் வீட்டுக்குக் கொண்டுபோனார். பையைத் தூக்கிக்கொண்டு நானும் கூடப் போனேன். பஸ்ஸில் முந்தானையால் தன் வாயை மூடிக்கொண்டு, குழந்தையின் முகத்தை ஜன்னல் பக்கமாகத் திருப்பி மடியில் வைத்திருந்தார். அது திரும்பித் திரும்பி அவரைப் பார்க்க முயன்றுகொண்டே வந்தது. அவருடைய தாயார் பிள்ளையை வாங்கிக்கொண்டு, "நீ வாசலோட நில்லுட்டி. உள்ள வந்தா பாலுக்கு அழும்" என்றார். மதினி வாசலோடு நின்றார். உள்ளே பிள்ளை அழுது ஓய்கிற வரை நின்றுவிட்டு, போவோம் தம்பி என்றார். அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் அவர் சத்தமாகப் பேசி நான் கேட்டதில்லை.

ஆறு மாதத்தில் கூட்டிவந்துவிடலாம் என்றுதான் பேச்சு. ஊசியும் மாத்திரையுமாக ஒன்றரை வருடம் ஆயிற்று. மறுபடி படம் எடுத்தால் நிழல் துளியும் மாறாமல் அப்படியே இருந்தது. ஆறின தழும்பு என்றார் டாக்டர். மில் மதினியைத் திரும்பச் சேர்த்துக்கொண்டது. ஆனால் வீட்டில், இனிப் பிள்ளையைத் தொடலாம் என்று சொல்ல யாருக்கும் துணிச்சல் வரவில்லை. இன்னும் ஒரு வருடம் போகட்டும் என்றார்கள். பிறகு பள்ளிக்கூடத்தில் சேர்த்தாயிற்று, நடுவில் மாற்ற வேண்டாம் என்றார்கள். அண்ணனும் சரி என்று இருந்துவிட்டார். அந்தப் பிள்ளை தன் அம்மாச்சியை அம்மா என்று கூப்பிடப் பழகியிருந்தது. மாதத்துக்கு ஒரு முறை மதினி போவார். அறையின் இந்தக் கோடியில் அவர் உட்கார, அந்தக் கோடியில் பிள்ளை உட்கார்ந்து, யாரோ சொல்லிக்கொடுத்தது போல, நல்லா இருக்கேன், நல்லாப் படிக்கேன் என்று பதில் சொல்லும். மற்ற ஞாயிற்றுக்கிழமைகளில் நான் போவேன். பால்கோவா, ரிப்பன், தீபாவளித் துணி என்று மதினி கொடுத்தனுப்புவதையெல்லாம் கொண்டுபோய்ச் சேர்ப்பேன். என்னைக் கண்டால் மட்டும் அது சித்தப்பா என்று ஓடிவந்து சைக்கிளில் ஏறிக்கொள்ளும்.

இப்படிப் பதினோரு வருடம் போனது. தொண்ணூறுகளின் நடுவில் மதினிக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மில்லில் மாடிப்படி ஏறினால் பாதியில் நின்றுவிடுவார். மதுரைக்குக் கூட்டிப்போனோம். அப்போதுதான் அங்கே ஸ்கேன் எல்லாம் வந்திருந்தது. நெஞ்சு அறுவை செய்கிற டாக்டர் ஒருவர் ஸ்கேனைப் பார்த்துவிட்டு, இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையில் ஒட்டிக்கொண்டிருக்கும் நீர்ப்பை இது, பிறவியிலேயே இருந்திருக்கும், மிகவும் அபூர்வம் என்றார். டி.பி.க்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்றார். எங்கள் பழைய படத்தை வாங்கி விளக்குக்கு முன் வைத்துப் பார்த்தார். "ஒரு சைடு படம் எடுத்திருந்தா அன்னைக்கே சந்தேகம் வந்திருக்குமே. எந்தப் புண்ணியவான் எடுத்தான் இத?" என்று என்னிடமே கேட்டார். யாரோ என்றேன். மதினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்.

விலா எலும்பை விரித்துத் திறக்க வேண்டாம், மூன்று துளை போதும் என்று டாக்டர் சொன்னபோது அண்ணன் நம்பவில்லை. தொழில் தெரிந்தவன் என்பதால் என்னை உள்ளே நிற்க அனுமதித்தார்கள். மதினியை இடப்பக்கமாகச் சாய்த்துப் படுக்க வைத்து, வலது நுரையீரலுக்குக் காற்றை நிறுத்தி அதைச் சுருங்கவிட்டார்கள். ஒரு துளை வழியாக, பேனா கனத்தில் இருந்த குழாயில் கேமரா போனது. மற்ற இரண்டிலும் நீண்ட காம்புகொண்ட கத்தரியும் இடுக்கியும். எல்லோரும் மதினியைப் பார்க்காமல் டி.வி.யைப் பார்த்துக்கொண்டு வேலை செய்தார்கள். திரையில் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. அதன் ஓரத்தில் மெல்லிய தோலோடு, உள்ளே வெளிச்சம் ஊடுருவும்படி அந்தப் பை. ஊசியால் உறிஞ்சியபோது வந்தது தண்ணீர்தான். சீழ் இல்லை, ரத்தம் இல்லை, ஊற்றுத் தண்ணீர் போலத் தெளிந்த தண்ணீர். சுருங்கிய பையை அறுத்து, ஒரு கையுறையின் விரல் பகுதியில் போட்டுத் துளை வழியே வெளியே இழுத்தார்கள். ஒன்றரை மணி நேரம்கூட ஆகவில்லை. நான் சுவரில் சாய்ந்துகொண்டேன்.

ஐந்தாம் நாள் மதினி வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகுதான் பிரச்சினை தொடங்கியது. எங்கள் சுற்றுவட்டாரத்தில் பேண்டேஜ் துணி நெய்து ஊர் ஊருக்கு அனுப்புகிறார்கள். அப்படிப்பட்ட ஊரில், நெஞ்சில் ஆபரேஷன் என்று கேட்டுப் பார்க்க வந்தவர்கள் பெரிதாகக் கட்டுப் போட்டிருக்கும் என்று எதிர்பார்த்து வந்தார்கள். மதினி காட்டியதோ மூன்று சின்னப் பிளாஸ்திரி. "இம்புட்டுத்தானா? இதுக்குள்ள போயி எதை எடுத்தாக?" என்றார்கள். மம்சாபுரத்தில் மதினியின் தாயாரும் நம்பவில்லை. நோய் உள்ளேயேதான் இருக்கிறது, டாக்டர் ஏமாற்றிவிட்டார், பிள்ளையை அனுப்ப முடியாது என்று சொல்லிவிட்டார். காயம் பெரிதாக இருந்திருந்தால் பிள்ளை கிடைத்திருக்கும். மதினி அழுததை அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தேன்.

அந்த டாக்டர் தன் ஆபரேஷன்களை வீடியோவில் பதிவு செய்து வைப்பவர். வெற்றுக் கேசட் ஒன்றை வாங்கிக்கொண்டு மதுரைக்குப் போய்ப் பிரதி எடுத்து வந்தேன். கல்யாணக் கேசட் பார்க்கிறவர்களைப் போல வீடியோ டெக்கை வாடகைக்கு எடுத்து, ஒரு ஞாயிறு மத்தியானம் எல்லோரையும் வரச் சொன்னேன். மம்சாபுரத்திலிருந்து தாயாரும் பிள்ளையும் வந்திருந்தார்கள். திரையில் ஒவ்வொன்றாகக் காட்டிச் சொன்னேன். இது நுரையீரல், இது இதயம், இதுதான் அந்தப் பை. தண்ணீர் வெளியேறிப் பை சுருங்கியதும் தாயார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். பன்னிரண்டு வயதுப் பிள்ளை டி.வி.க்குப் பக்கத்தில் போய் அம்மாவின் இதயத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. பிறகு என் பக்கம் திரும்பியது.

"சித்தப்பா, அப்ப அம்மாவுக்கு டி.பி.யே இல்லியா?"

"இல்லம்மா."

"பொறவு எதுக்கு என்னைய அங்க கொண்டுபோய் விட்டீக?"

அண்ணன் தரையைப் பார்த்தார். நான் சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் மதினி, "நாந்தான் விட்டேன். டி.பி.ய ஒரு சாக்கா வச்சுக்கிட்டேன். மில்லுக்கும் போயிக்கிட்டுக் கைப்பிள்ளையவும் பாக்க ஏலல" என்றார். பிள்ளை தலையை ஆட்டியது. சாயங்காலம் அது அம்மாச்சியோடு பஸ் ஏறிப் போய்விட்டது. இரு என்று மதினி கேட்டார். பரீட்சை இருக்கிறது என்றது.

ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று மறுநாள் பஸ் ஸ்டாண்டில் கேட்டேன். மதினி என்னைப் பார்க்காமலே பேசினார். "அன்னைக்கு உங்கண்ணனுக்குப் பின்னாலதான் நின்னேன் தம்பி. நீங்க சொன்னது எங்காதுலயும்தான் விழுந்துச்சு. இந்த வீட்டுல அவ நம்புற ஆளு நீங்க ஒருத்தர்தான். ஒங்களையும் வெறுத்துட்டான்னா இங்க எதுக்கு வருவா? எம்மேல ஏற்கெனவே ஒட்டுதல் இல்ல. எனக்கு இன்னுங் கொஞ்சம் கொறஞ்சா என்ன?" பதினோரு வருடமும் தெரிந்தேதான் எனக்குச் சோறு போட்டிருக்கிறார். பஸ் வந்தது, இருவரும் ஏறினோம்.

மதினி கணக்குப் போட்டது சரியாகவே இருந்தது. பிள்ளை வந்துபோய்க்கொண்டுதான் இருந்தாள், சித்தப்பா வீடு என்று. படித்தாள், திருப்பூரில் வேலைக்குப் போனாள், கல்யாணம் ஆயிற்று. தனக்கு மகள் பிறந்ததும் வேலையை விட்டாள். "எங்கம்மா மாதிரி வேலைக்காகப் பிள்ளைய விட மாட்டேன் சித்தப்பா" என்று என்னிடம்தான் சொன்னாள். அன்றைக்கும் நான் வாயைத் திறக்கவில்லை. பேசக் கூடாத இடத்தில் பேசிவிட்டு, பேச வேண்டிய இடத்திலெல்லாம் சும்மா இருந்தவன் என்று என்னை யாராவது சொன்னால் மறுக்க மாட்டேன்.

அண்ணன் போய்ப் பத்து வருடமாகிறது. சென்ற ஆண்டு மதினியும் போனார். மகள் வந்திருந்தாள். முறைப்படி எல்லாம் செய்தாள், அழவில்லை. அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுதத் தொடங்கினேன். உன் அம்மா மில்லுக்காக உன்னை விடவில்லை, நான் அவசரப்பட்டுச் சொன்ன ஒரு சொல்லுக்காக விட்டாள் என்று கடைசியில் எழுதி, முதல் பிரதியை அவளுக்குத் தபாலில் அனுப்பினேன். எங்கே இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை காலையில் எனக்குப் போன் செய்துவிடுவாள். இருபது வருடமாக ஒரு வாரம்கூடத் தவறியதில்லை. தபால் போன பிறகு, போன் வராத மூன்றாவது ஞாயிறு இது.