பெரிய வெள்ளிக்குப் பட்டு வேட்டி

பாக்கு நிறக் கரையில் ஜரிகை ஓடிய பட்டு வேட்டி, அதற்குத் தோதாகச் சந்தன நிறத்தில் பட்டுச் சட்டை, தோளில் மடித்துப் போட்ட அங்கவஸ்திரம், கையில் ஒரு தாம்பாளம். தாம்பாளத்தில் ஆப்பிள், சாத்துக்குடி, பந்தாகச் சுருட்டிய மல்லிகைச் சரம். இந்தக் கோலத்தில்தான் முதன்முதலாக ஒரு கிறிஸ்தவ ஆலயத்தின் வாசலில் போய் நின்றேன். அன்று பெரிய வெள்ளி. ஏசுநாதர் சிலுவையில் இறந்த நாள். உள்ளே இருந்த அத்தனை பேரும் வெள்ளை உடுத்தியிருந்தார்கள். பெண்கள் தலையில் ஒரு பூ கிடையாது, கழுத்தில் ஒரு மினுக்கல் கிடையாது. இழவு வீட்டுக்குள் பெண் பார்க்க நுழைந்தவனைப் போல நான் ஜரிகை மின்ன நின்றுகொண்டிருந்தேன்.

என் பக்கத்து நியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஆரணியில் பட்டு வியாபாரம் செய்கிறவன் நான். எங்கள் தெருவில் எந்தச் சாமிக்கு விசேஷம் என்றாலும் பட்டு உடுத்தித்தான் போவோம். பக்தி பாதி, விளம்பரம் பாதி. சர்ச்சுக்குப் போகிறேன் என்றதும் என் மனைவி ஒரே வார்த்தையில் முடித்துவிட்டாள். "அவங்க சாமிகிட்ட போறீங்க, கசங்கின சட்டையோட போயி நம்ம தெருவு மானத்த வாங்காதீங்க." அந்தச் சாமிக்கு அன்று என்ன நாள் என்று அவளும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

என்னை வரச் சொன்னவர் அட்டை அண்ணன். தறிக்கு மேலே தொங்கும் டிசைன் அட்டைகளில் துளை போடுவது அவர் தொழில். அவர் போட்ட துளைகளின்படிதான் முள்ளிப்பட்டில் எனக்கு நெய்கிறவர்களின் சேலைகளில் மயிலும் மாங்காயும் எழும்பும். வேலை செய்யும்போது பக்கத்தில் ஒரு செம்புத் தண்ணீர் இருந்தே ஆக வேண்டும். அண்ணாந்து மடக் மடக்கென்று குடித்துவிட்டு, "ஆங், இப்ப மயிலு கண்ணு தெரியுது" என்பார். அவருக்குத்தான் இரண்டு சிறுநீரகமும் கெட்டது. டயாலிசிஸுக்கு வேலூர் போய்வந்துகொண்டிருந்தார். தண்ணீர் அளவுக்கு மேல் போனால் மூச்சு முட்டும் என்று சொல்லிவிட்டார்கள். அண்ணி காலையில் ஒரு சின்ன பாட்டிலில் ஊற்றி வைப்பார். நாள் முழுவதற்கும் அதுதான்.

செய்தி தெரிந்த நாளிலிருந்து எனக்கு உள்ளே ஏதோ மரத்துப் போயிருந்தது. அழுகை வரவில்லை, பயம்கூடச் சரியாக வரவில்லை. வழக்கம்போல நக்கலடித்துக்கொண்டு திரிந்தேன். பல் பிடுங்க ஊசி போட்ட பிறகு கன்னத்தைத் தொட்டால் வேறு யாருடையதையோ தொடுவது போல இருக்குமே, அப்படி.

பெரிய வெள்ளியன்று அவர்கள் ஆலயத்தில் உச்சி வெயிலில் தொடங்கிப் பிற்பகல் வரை ஆராதனை நடக்கும். சிலுவையில் தொங்கியபோது ஏசு சொன்ன ஏழு வார்த்தைகளைப் பற்றி ஆளுக்கு ஒன்றாகப் பேசுவார்கள். ஐந்தாவது வார்த்தை 'தாகமாயிருக்கிறேன்' என்பது. அது அண்ணனுடையது. அதற்கு முன்னால் அவருடைய அப்பா பேசியது. இந்த முறை வேறொருவர் பேசட்டுமே என்று போதகர் தன்மையாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணன் மசியவில்லை. தன் ஊரான சேவூரிலிருந்து என் கடைக்கே வந்துவிட்டார்.

"நான் நின்னு பேசணும்பா. கால் நிக்க மாட்டேங்குது. நீ வந்து இடுப்ப புடிச்சிகினு நில்லு."

"நானா? உங்க வூட்ல அத்தினி பேரு இருக்காங்க."

"அவங்க பக்கத்துல நின்னா அழுதுகினே நிப்பாங்க, நானும் அழுதுடுவேன். உன் மூஞ்சிய பாத்தா எனக்கு அழுக வராது. அதான்."

என் முகத்துக்குக் கிடைத்த ஒரே பாராட்டு அது.

வாசலில் என்னைப் பார்த்ததும் அண்ணன் அண்ணியின் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டார். மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாபா, பொண்ணு வூட்டுக்காரங்க உள்ள வந்துட்டாங்களா?"

அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார். தாம்பாளத்தை வாங்கித் தன் முந்தானையால் மூடிக் கொண்டுபோனார். அங்கவஸ்திரத்தைச் சட்டைக்குள் திணித்துக்கொள்ளப் பார்த்தேன். வயிறுதான் இன்னும் பெரிதாகத் தெரிந்தது.

உள்ளே எனக்கு எதுவும் தெரியாது. எப்போது எழ வேண்டும், எப்போது முழங்கால் போட வேண்டும், ஒன்றும் புரியவில்லை. முன் வரிசையில் இருந்த ஒரு பெரியவரைக் குருவாக ஏற்றுக்கொண்டேன். அவர் எழுந்தால் எழுந்தேன், குனிந்தால் குனிந்தேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு கட்டத்தில் அவர் எழுந்து வெளியே நடந்தார். நானும் பயபக்தியோடு பின்னாலேயே நடந்தேன். கழிப்பறைக் கதவருகே அவர் திரும்பிப் பார்த்தபோதுதான் விஷயம் விளங்கியது. திரும்பி வந்து உட்கார்ந்தேன். பட்டுச் சட்டைக்குள் வியர்வை ஆறாக ஓடியது. நான்காவது வார்த்தை முடிகிற தறுவாயில் இருந்தது. அண்ணன் விழுந்துவிட்டால் என்ன செய்வது என்பது ஒன்றே மண்டைக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

அண்ணன் பெயரைச் சொன்னார்கள். எழுந்தார். இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்தேன். காய்ந்த முருங்கைக் கிளையைப் பிடித்தது போல இருந்தது. மேடைக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு தடவை நின்றார். ஒலிபெருக்கி முன்னால் போனதும் என் அங்கவஸ்திரத்தைக் கொத்தாகப் பற்றிக்கொண்டார். கால் நடுங்குவது என் தொடையில் தெரிந்தது. ஜனங்கள் மொத்தமும் எங்களைப் பார்த்தார்கள். பைபிள் வைத்திருந்த சாய்வுப் பலகைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாமா என்று நினைத்த எனக்கு, நான் நகர்ந்தால் அவர் விழுந்துவிடுவார் என்பது கொஞ்சம் தாமதமாகத்தான் உறைத்தது.

எழுதி எடுத்துவந்த எதையும் அவர் பிரிக்கவில்லை. உதடு வெடித்திருந்தது. நாக்கால் தடவிப் பார்த்தார், நாக்கிலும் ஈரம் இல்லை.

"இத்தினி வருஷமா இங்க நின்னுகினு ஆத்துமாவோட தாகம், ஆத்துமாவோட தாகம்னு பேசிகினு இருந்தேன். எங்கப்பாவும் அப்படித்தான் பேசினாரு. அது தப்புன்னு சொல்லல. ஆனா இப்பதான் தெரியுது. அவரு தண்ணிதான் கேட்டாரு."

என் அங்கவஸ்திரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தார்.

"தண்ணிதான். வேற ஒண்ணும் இல்ல."

அவ்வளவுதான். அவரை நடத்திக் கொண்டுவந்து பெஞ்சில் உட்கார வைத்தேன். விழாமல் முடித்துவிட்டார். எனக்குச் சந்தோஷம் வரவேண்டும், வரவில்லை. அண்ணி பையிலிருந்து பாட்டிலை எடுத்து, அதன் மூடியில் ஊற்றிக் கொடுத்தார். ஒரு வாய் இருக்கும். வாங்கி வாயில் விட்டுக்கொண்டார்.

அடுத்தவர் ஆறாவது வார்த்தையைப் பேசத் தொடங்கினார். நான் அண்ணனின் தொண்டையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. கன்னம் லேசாக உப்பியிருந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்தத் தண்ணீரை வாயிலேயே வைத்திருந்தார். பாட்டு வந்தது, எல்லோரும் பாடினார்கள், அவர் பாடவில்லை. ஏழாவது வார்த்தை முடிந்து ஜனங்கள் முழங்காலில் நின்றபோதும் அவர் விழுங்கவில்லை.

மழைக்காலம் தொடங்கும் முன்பே போய்விட்டார். அடக்கத்தில் ஒரு ஓரமாக நின்றேன். அப்போதும் கண்ணில் ஒன்றும் வரவில்லை. இப்போது டிசைன்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்க ஒரு பையன் இருக்கிறான். மயிலுக்குக் கண் சரியாகத்தான் விழுகிறது.

இந்த வருடம் பெரிய வெள்ளிக்கு யாரும் கூப்பிடாமலே போனேன். ஐந்தாவது வார்த்தையை ஒரு இளைஞர் பேசினார். ஆத்துமாவின் தாகத்தைப் பற்றி, நன்றாகவே பேசினார். பாதியில் எழுந்து வெளியே வந்துவிட்டேன். நல்ல வெயில். ஆலய வாசலில் இருந்த குழாயைத் திறந்து, கையைக் குவித்து ஒரு வாய் மட்டும் எடுத்தேன். அதை விழுங்காமல் உள்ளே வந்து உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. பக்கத்தில் இருந்தவர் புத்தகத்தை என் பக்கம் நகர்த்தி, விரலால் வரியைக் காட்டி, "பாடுங்க, பரவாயில்ல" என்றார். தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறக்க முடியவில்லை.