ஜோடி சேராத சாக்ஸ்

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் அவரைப் பார்த்தேன். குழந்தைகளோடு விளையாடியே அவர்கள் மனத்தைச் சரிசெய்பவர் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். நாற்பது வயதிருக்கும். ஒரு காலில் சிவப்பு சாக்ஸ், மறு காலில் பச்சை. வாராவாரம் நிறம் மாறும், ஜோடி மட்டும் சேராது.

என் மகனுக்கு ஐந்து வயது. பாலர் பள்ளி மாறியதிலிருந்து யாரிடமும் வாய் திறப்பதில்லை. டியூஷனுக்கு விடுவதுபோல் நானும் நோட்டுப் புத்தகம், பென்சிலோடு அவனைக் கொண்டுபோய் விட்டேன்.

முக்கால் மணி நேரம் கழித்துக் கதவு திறந்ததும் கேட்டேன். “என்ன செஞ்சான் டீச்சர்? ஹோம்வொர்க் இருக்கா?”

“நல்லா விளையாடினான். ஹோம்வொர்க் உங்களுக்குத்தான் அண்ணே. கார்ல ஏறினதும் என்ன விளையாடினேன்னு கேக்காதீங்க.”

“அப்ப எப்பதான் பேசுவான்?”

“அது அவனுக்குத்தான் தெரியும் லா. நீங்க அவசரப்படுத்தாம இருங்க, போதும்.”

இதைக் கேட்கவா செராஸிலிருந்து டிராஃபிக் ஜாமில் வந்தோம் என்று எரிச்சல். ஆனாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்துக்கொண்டு, வாயை மூடிக்கொண்டு, வாராவாரம் ஓட்டினேன்.

ஆறாவது வாரம், சிக்னலில் நின்றபோது பின்சீட்டிலிருந்து குரல் வந்தது.

“அப்பா, டீச்சருக்கு சாக்ஸ் போடவே தெரியல.”

பச்சை விளக்கு எப்போது விழுந்ததோ, பின்னாலிருந்த லோரிக்காரர் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டியை எடுத்தேன்.

அவர் வேண்டுமென்றே அப்படிப் போட்டாரா, காலை அவசரத்தில் மாட்டி வந்தாரா, தெரியாது. கேட்டிருக்கலாம். ஆனால் கேட்காமல் இருக்கத்தானே அவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.