குடும்ப ஜெபத்தில் லிசாவின் பெயர்

தனசீலனுக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில்தான். அந்த வாரம் அது இறங்கவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மகள் லிசாவுக்குத் திடப்படுத்தல்; சபையின் முழு அங்கத்தினராக ஏற்கும் சடங்கு. எல்லார் முன்னாலும் சொந்த வார்த்தையில் நாலு வரி தமிழில் ஜெபிக்க வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வருஷம்தான் என்று போதகர் கறாராகச் சொல்லிவிட்டார்.

தனசீலன் தாராவியில் பிறந்தவர். டிராம்பேயில் ஃபிட்டர் வேலை. பெற்றோர் தமிழ்நாட்டு நாசரேத் ஊர்க்காரர்கள். மனைவி சுரேகா அம்பர்நாத்து மராட்டிக்காரி. அவருக்கு மராட்டி அரைகுறை, அவளுக்குத் தமிழ் அரைகுறை. சண்டை போடத் தோதாக இருவரும் இந்திக்கு வந்து சேர்ந்தார்கள். செம்பூர் வீட்டில் லிசா பிறந்து வளர்ந்தது அந்த இந்தியில்தான். தமிழ் சாயங்காலக் குடும்ப ஜெபத்தோடு சரி. அவர் கண்ணை மூடிக்கொண்டு கால் மணி நேரம் ஜெபிப்பார். மற்ற இருவரும் ஆமென் சொல்வார்கள். இப்போது நோட்டும் கையுமாக லிசாவை உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார்.

"ஏட்டி, சொல்லு. ஆண்டவரே, எங்களை ஆசீர்வதியும்."

"ஆண்டவரே, எங்களை... அப்பா, நஹி ஹோதா!"

"என்னத்த வராது? தெனமும் ஜெபத்துல கேக்கத்தான செய்த? பதினஞ்சு வருஷமா காதுல பஞ்சா வச்சிருந்த?"

லிசா நோட்டை மூடினாள். இந்தியில் பொரிந்து தள்ளினாள். தினமும் கேட்டாளாம். அவள் பெயர் மட்டும்தான் புரியுமாம். அவர் போடும் சத்தத்தைப் பார்த்து, தன்னைப் பற்றிக் கடவுளிடம் குறை சொல்கிறார் என்றே இத்தனை வருஷமும் நினைத்தாளாம்.

மகள் ரயிலில் பத்திரமாகப் போய் வரவேண்டும், அவளுக்குச் சுகம் வேண்டும் என்றல்லவா தனசீலன் தொண்டை கிழியக் கேட்டார்! பள்ளிக்கூடத்தைத் திட்டியிருக்கிறார், பம்பாயைத் திட்டியிருக்கிறார், சுரேகாவையும் விட்டுவைக்கவில்லை. இந்த வாரம் வரை பெற்ற பிள்ளையிடம் நேராக ஒரு வார்த்தை தமிழில் பேசாதவர் யார்? வெட்கமாகப் போய்விட்டது.

அன்று சாயங்காலம் கண்ணைத் திறந்துகொண்டே ஜெபித்தார். மகளைப் பார்த்து ஒவ்வொரு வரியாகச் சொல்லி, இந்தியில் அர்த்தமும் சொன்னார். வாரம் முழுக்க அப்படியே நடந்தது.

ஞாயிற்றுக்கிழமை லிசா எழுந்து நின்றாள்.

"ஏசப்பா, அப்பா வேலைக்குப் பத்திரமா போய் வரணும். அம்மா கால்வலி போகணும். எனக்குத் தமிழ் வரணும். அப்பாவுக்கு... குஸ்ஸா கம்மி பண்ணும்."

சபை சிரித்தது. சுரேகா போட்ட ஆமென் பின்வரிசை வரை கேட்டது. 'கோபம்' என்று திருத்த எழுந்து வாயைத் திறந்த தனசீலன், ஆமென் என்று சொல்லி உட்கார்ந்துவிட்டார்.