சாயத்தண்ணீரின் பின்னால் போனவர்

விருஷபதாஸ் அண்ணன் போய்விட்டார் என்ற செய்தி, நான் கண்ணமங்கலத்தில் ஆரணிப் பேருந்துக்காக நின்றிருந்தபோது வந்தது. அவர் மகள்தான் பேசினாள். "அப்பா காலைல காபி கேட்டாரு அத்த. போட்டு எடுத்துகினு போறதுக்குள்ள..." என்று நிறுத்திக்கொண்டாள். வந்த பேருந்தை விட்டுவிட்டு ஒரு கடை வாசலில் உட்கார்ந்துவிட்டேன்.

ஆரணியில் பட்டு நூலுக்குச் சாயம் போடும் எல்லோருக்கும் அவரைத் தெரியும். எனக்கு அவர் பக்கத்துப் பட்டறைக்காரர். கணவர் இறந்தபின் நான் தொழிலை எடுத்தபோது, என்னைத் தாண்டி அவரிடம் பேச வந்த வியாபாரிகளை, "அந்தம்மாகிட்டயே பேசுங்க" என்று திருப்பி அனுப்பியவர். கோபக்காரர். கூட்டத்தில் பேச எழுந்தால் சுலபத்தில் உட்காரமாட்டார். இதையும் சொல்லாவிட்டால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள்.

நம் தெருச் சாக்கடைகளில் சிவப்பும் பச்சையுமாகத் தண்ணீர் ஓடிய காலம் ஆரணிக்காரர்களான உங்களுக்கு நினைவிருக்கும். பட்டறைகளை ஊரைவிட்டு எடுக்கலாம் என்று முதலில் ஒப்புக்கொண்டவர் அண்ணன்தான். வந்தவாசிப் பக்கம், தன் உறவினர்கள் இருக்கும் கிராமத்தில் இடம் பேசி முடித்தவரும் அவரே. என்னுடையதும் சேர்த்துப் பட்டறைகள் அங்கே போயின. இங்கே சாக்கடை தெளிந்தது. அவருக்குப் பாராட்டு விழா வைக்க நாள் குறித்தோம்.

விழாவுக்கு முன்பு அந்தக் கிராமத்தில் அவர் உறவில் ஒரு கல்யாணம். நானும் போயிருந்தேன். பந்தி முடிந்து கை கழுவ வந்த எங்களை, பட்டறைக்கு அடுத்த நிலத்துக்காரர் அஞ்சலை தன் வீட்டுக்கு அழைத்துப்போனார். கிணற்றுத் தண்ணீரில் வடித்த சோற்றைத் தட்டில் வைத்தார். வெளிர் ரோஜா நிறத்தில் இருந்தது.

"உங்க ஊர்ல பொடவ இந்தக் கலர்ல வருது. எங்க வூட்ல சோறு வருதுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை.

அண்ணன் அதை அள்ளி வாயருகே கொண்டுபோனார். அஞ்சலை கையைத் தட்டிவிட்டார். பிள்ளைகளுக்கு லாரித் தண்ணீரில் வடித்திருப்பதாகவும், இது அவருக்குக் காட்டத்தான் என்றும் சொன்னார்.

அண்ணன் ஆரணியில் இறங்கியதும், "நம்ம அழுக்க அவங்க வூட்ல கொட்டிட்டு மால வாங்கிக்கப் போறேன்" என்றார்.

விழாவுக்கு வந்தார். சால்வையை வாங்கவில்லை. பட்டறைகளைத் திரும்பக் கொண்டுவரவேண்டும், ஊர்க்கோடியில் இருக்கும் தன் நிலத்தில் சுத்திகரிப்புத் தொட்டி கட்டலாம் என்றார். ஊர்க்காரர்கள் ஏமாற்றப்பட்டதாக நினைத்தார்கள். பட்டறைக்காரர்கள் செலவுக்குப் பயந்தார்கள். அவருடைய சொந்த அண்ணனே வீட்டுக்கு வருவதை நிறுத்தினார். "சாயம் நம்மளுதுன்னா தண்ணியும் நம்மளுதுதான்" என்பார்; அதற்கும் மசியாதவர்களை, "வாங்க, போய்ப் பாத்துட்டு வந்து பேசலாம்" என்று அந்தக் கிராமத்துக்கு அழைப்பார்.

முதலில் கட்டிய தொட்டி சரியாக வேலை செய்யவில்லை. நாற்றம் தாங்காமல் ஊர் திரண்டு வந்தது. நின்று எல்லாப் பேச்சையும் கேட்டார். பிரித்து மறுபடி கட்டினார். அவரும் நானும் இன்னும் சிலரும் திரும்பி வந்தோம். சிலர் இன்றும் அங்கேயே இருக்கிறார்கள். அந்த வருத்தம் அவருக்குக் கடைசிவரை தீரவில்லை.

சாவுக்கு அஞ்சலை வந்திருந்தார். கிணற்றுத் தண்ணீர் இப்போது பயிருக்கு ஆகிறது, குடிக்க இன்னும் ஆகவில்லை என்றார். பிறகு அண்ணன் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, "எங்க ஊருக்கு யார் யாரோ வந்து பாத்துட்டுப் போனாங்கம்மா. திரும்பித் திரும்பி வந்தது உங்கப்பா ஒருத்தர்தான்" என்றார்.

காரியம் முடிந்தபின் ஒரு வியாபாரி என்னிடம் வந்தார். படவேட்டைத் தாண்டி, மலையடிவாரத்தில் புதிதாகப் பட்டறை போட்டிருக்கிறார்களாம்; கூலி குறைவாம், கேட்பாரில்லையாம். என்னிடம் சாயத்துக்கு வரும் நூலை அங்கே கொடுத்துவிடலாமே என்றார். அங்கே இருப்பவர்கள் எந்தத் தண்ணீரைக் குடிக்கிறார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை.

"வண்டிய எடுங்க. போய்ப் பாத்துட்டு வந்து பேசலாம்" என்றேன்.

சொன்ன பிறகுதான் அது யாருடைய பேச்சு என்று எனக்கு உறைத்தது. அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான். அன்றே போய்ப் பார்த்தோம். நூலை அங்கே கொடுக்கவில்லை.