ஸ்கேலக்கா தைத்த கோணல் பாக்கெட்

வங்கி வரிசையில் தனக்கு முன்னால் நிற்கிற ஆளின் காலரை இரண்டு விரலால் தூக்கிப் பார்க்கிறாள் ஸ்கேலக்கா. அந்த ஆள் திடுக்கிட்டுத் திரும்புகிறார்.

"யாருங்க தைச்சது இதை?"

அவர் ஒரு கடையைச் சொல்கிறார்.

"உக்காந்து தைச்சானா, ஓடற பஸ்ல நின்னுக்கிட்டே தைச்சானா?"

மனிதர் வந்த வேலையை மறந்து, காலரைத் தடவிக்கொண்டே வெளியே போய்விடுகிறார். அக்கா ஒரு இடம் முன்னால் நகர்கிறாள்.

தையல் கடை வைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. பெற்றவர்கள் வைத்த பெயர் வீட்டு வரி ரசீதில் மட்டும் இருக்கிறது. மற்றபடி ஊருக்கு அவள் ஸ்கேல். கடைக்குள் நூல்கண்டுகள் சிப்பாய் மாதிரி வரிசையில் நிற்கும். ஒன்று பிசகினாலும் அக்காவுக்குத் தண்ணீர் இறங்காது. வீட்டில் காலண்டர் சாய்ந்திருந்தால் சோற்றுத் தட்டை வைத்துவிட்டு எழுந்து போவாள். புருஷன் பஸ் டிரைவர். "ரோட்டுலயாவது வளைவு வந்தா திருப்பிக்கலாம். வீட்டுல ஸ்டியரிங்கே கிடையாதுப்பா" என்பார், அவள் காதில் விழாத தூரத்தில்.

கடை இருப்பது பழைய மாடிக் கட்டடத்தின் கீழ் வரிசையில். பத்துக்குப் பத்து அறை. பக்கத்து அறைக்கும் இதற்கும் நடுவில் வெறும் பலகைத் தடுப்புதான். இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தப் பக்கத்து அறையில் ஒரு சின்னப் பெண் வந்து அவளும் தையல் கடை போட்டாள். எதிரே டீக்கடைக்காரருக்கு ஏகப்பட்ட சந்தோஷம். ஒரே வரிசையில் இரண்டு தையல்காரிகள், என்றைக்கு முடியைப் பிடித்துக்கொள்வார்கள் என்று டீ ஆற்றிக்கொண்டே காத்திருந்தார்.

முதல் நாளே அக்கா அந்தக் கடைக்குள் போனாள். இடுப்பில் கை வைத்து நின்று சுற்றிப் பார்த்தாள். "மிஷினைத் திருப்பிப் போடு. வெளிச்சம் இடக்கைப் பக்கம் விழணும். நாப்பது வயசுல கண்ணு அவிஞ்சு போயிடும், அப்புறம் என்னைத் திட்டாதே" என்றாள். மிஷினின் ஒரு பக்கத்தை அவளே தூக்கித் திருப்பினாள். வந்துவிட்டாள். டீக்கடைக்காரர் வெறுத்துப் போனார்.

அதற்குப் பிறகு குழந்தைகளுக்குக் கவுன் தைக்க யார் வந்தாலும் அக்கா பக்கத்துக் கடையைக் காட்டுவாள். கவுன் என்றால் சுருக்கம், கொசுவம், அலை அலையாகக் கீழே ஓரம். "அலை அலையா வர்றதுக்கு நான் என்ன கடலா? அங்க போங்க. அந்தப் பொண்ணு ஸ்கேல் இல்லாமக் கண்ணாலயே வெட்டுவா, பூ மாதிரி வரும்" என்பாள். அந்தப் பெண்ணும் கால்சட்டை, மேல்கோட்டு என்று நேர்வெட்டு வேலை வந்தால் இங்கே அனுப்பிவிடுவாள்.

இப்படி ஓடிக்கொண்டிருந்தபோதுதான் ஒரு ஆஸ்பத்திரி மேற்பார்வையாளர் வந்தார். அவர் மகளுக்குச் சின்னவள் தைத்த கவுன் பிடித்துப் போனதால், ஆஸ்பத்திரி உதவியாளர்களுக்கு நாற்பது கோட்டு அவளிடமே தைக்கக் கொடுத்தார். சின்னவள் கடைக்கு வந்த முதல் பெரிய ஆர்டர். மாதிரிக்கு ஒன்று தைத்துக் காட்டினாள். அவர் அதைக் கையோடு எடுத்துக்கொண்டு, "நாற்பதும் அச்சா இதே மாதிரி இருக்கணும். ஒண்ணு மாறினாலும் எல்லாத்தையும் திருப்பிடுவேன். வியாழக்கிழமை வர்றேன்" என்றார்.

பதினோரு கோட்டு முடித்திருந்தாள். சனிக்கிழமை, பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறி, விழுந்து, வலது மணிக்கட்டு பிசகிவிட்டது. மூன்று வாரத்துக்குக் கட்டு.

திங்கள் காலை பலகைக்கு அந்தப் பக்கம் மிஷின் சத்தமே இல்லை. அக்காவுக்கு அந்தச் சத்தம் இல்லாமல் கை ஓடாது. போய்ப் பார்க்கலாம் என்று எழுந்தவள் முன்னால் மேற்பார்வையாளர் வந்து நின்றார். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்க்க வந்தவர் கட்டைப் பார்த்துவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்.

"பல்பு மாத்தப் போய் விழுந்துட்டாங்களாம், அந்தம்மாவால இனி முடியாது. ஆர்டரை நீங்களே எடுத்துக்குங்களேன்."

நாற்பது கோட்டு. சுருக்கம் இல்லை, அலை இல்லை, கழுத்திலிருந்து கீழ்வரை நேர்கோடு. ஸ்கேலக்கா இருபத்திரண்டு வருஷமாக இப்படி ஒரு ஆர்டருக்காக ஏங்கியிருக்கிறாள். கையில் இருந்த சாக்பீஸை மேஜை விளிம்புக்குச் சமமாக வைத்தாள்.

"எனக்கு யூனிஃபார்ம் வராதுங்க."

டீக்கடைக்காரர் ஆற்றிய டீ டம்ளரில் விழவில்லை, காலில் விழுந்தது.

"அந்தப் பொண்ணு கைக்கு முன்னால என் கை நிக்காதுங்க. மீதி வேலை பக்கத்துல இருந்து பார்த்துக்க ஆள் இருக்கு. வியாழக்கிழமை வாங்க, அவ கடையிலயே வாங்கிக்குங்க."

அவர் போனதும் பக்கத்துக் கடைக்குள் நுழைந்தாள்.

"ஏண்டி, பல்பு மாட்டப் போனியா, சர்க்கஸ் காட்டப் போனியா?"

"அக்கா, நீங்களே எடுத்துக்கோங்கக்கா. உங்களுக்குத்தான் இது ஏத்த வேலை."

"வாயை மூடு. துணியை எடு. உன் இடது கைக்கு என்ன கேடு? இஸ்திரி போடு."

பகலில் அக்காவுக்குத் தன் வாடிக்கை இருக்கிறதே. அதனால் செவ்வாய், புதன் இரண்டு நாளும் காலை ஆறு மணிக்கே ஷட்டரைத் தூக்கி, ராத்திரி பத்து மணிக்குத்தான் இறக்கினார்கள். முதல் ஆறு கோட்டு பறந்தது. சின்னவள் அவற்றைப் பழைய பதினொன்றுக்குப் பக்கத்தில் விரித்தாள். விரித்தவள் ஒரு பாக்கெட்டை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"என்னடி?"

"பாக்கெட் நேரா இருக்குக்கா."

"நேரா இருந்தா அதுக்கு அழுவியா?"

"என்னோடது கோணலா இருக்கே."

அக்கா குனிந்து பார்த்தாள். கண்ணாலேயே வெட்டுகிற பெண் இல்லையா, பதினோரு கோட்டிலும் மார்புப் பாக்கெட் இடப்பக்கம் அரை விரற்கடை இறங்கியிருந்தது. பதினொன்றையும் பிரித்து நேராக்கிவிடலாம். ஆனால் மாதிரி அந்த ஆளிடம் இருக்கிறது. அதிலும் இதே கோணல்.

அக்கா ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு பிளேடை எடுத்து, ஆறு நேரான பாக்கெட்டையும் ஒவ்வொன்றாகப் பிரித்தாள். பல் பிடுங்குகிற மாதிரி முகம்.

கோணலாகத் தைப்பது லேசா? அக்கா கைக்கு அது வரவே இல்லை. ஒன்று அதிகம் சாய்ந்தது, ஒன்று பாதியில் மனசு மாறி நிமிர்ந்துவிட்டது. கடைசியில் ஸ்கேலை எடுத்தாள். வலப்பக்கம் ஒரு புள்ளி, இடப்பக்கம் அரை விரற்கடை கீழே ஒரு புள்ளி, நடுவில் சாக்பீஸ் கோடு. கோணலை இவ்வளவு நேராக அளந்த ஆள் வேறு எங்கும் இருக்க மாட்டார்.

"இதுக்குப் பதிலா இனிமே என் கடைக்கு வர்ற கொசுவம் மொத்தமும் உன் தலையில. கேட்டுக்க."

"சரிக்கா."

செவ்வாய் ராத்திரி சாப்பாட்டில் அவள் முகத்தைப் பார்த்துப் புருஷன் பதறிப்போனார். "என்ன ஆச்சு? யாருக்காவது ஏதாவதா?"

"இருபத்தொன்பது பாக்கெட்டுங்க" என்றாள்.

வியாழக்கிழமை மேற்பார்வையாளர் வந்தார். மாதிரியை ஒவ்வொரு கோட்டின் மேலும் வைத்துப் பார்த்தார். நாற்பதையும் பார்த்தார். அக்கா சும்மா வந்தவள் மாதிரி வாசலில் சாய்ந்து நின்றாள்.

"ஒண்ணுகூட மாறலையே! அந்தப் பாக்கெட்டு லேசா சாய்ஞ்சிருக்கு பாருங்க, அதுதான் அழகு. கை சுலபமா உள்ள போகுது." அக்கா பக்கம் திரும்பிச் சிரித்தார். "நீங்க தைச்சிருந்தா விறைப்பா வந்திருக்கும், இல்லம்மா?"

எதிர்க்கடையில் டீ ஆற்றும் சத்தம் நின்றது.

"ஆமாங்க" என்றாள் அக்கா. "எனக்கு வராது."

சின்னவளுக்குப் பொறுக்கவில்லை. "சார், இதெல்லாம் யாரு..." என்று ஆரம்பித்தாள்.

"உன் மிஷின்ல பாபின் நூல் சிக்கியிருக்கு பாரு" என்றாள் அக்கா. ஓடாத மிஷினில் நூல் எப்படிச் சிக்கும்? ஆனால் அந்தக் குரலைக் கேட்டால் யாருமே குனிந்துதான் பார்ப்பார்கள். அவளும் குனிந்தாள்.

"மாதிரியை நீங்களே வெச்சுக்குங்க. அடுத்த மாசம் இன்னொரு ஆஸ்பத்திரிக்கு அறுபது வேணும்" என்று சொல்லிவிட்டு அவர் மூட்டையோடு போனார். சின்னவள் அந்த மாதிரிக் கோட்டை, எல்லாரும் பார்க்கட்டும் என்று, கடை வாசலில் மாட்டினாள்.

சாயங்காலம் அக்கா தன் கடை ஷட்டரை இறக்கிப் பூட்டினாள். பூட்டை இழுத்துப் பார்த்தாள். வீட்டுக்குக் கிளம்பியவள் அந்தக் கோட்டுக்கு முன்னால் நின்றாள். கை தானாகப் போய்ப் பாக்கெட்டின் இடது மூலையைப் பிடித்து மேலே தூக்கியது. விட்டதும் அது மறுபடி இறங்கிக்கொண்டது. ரோட்டில் யாராவது பார்க்கிறார்களா என்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள். பிறகு தன் தலையை இடப்பக்கம் அரை விரற்கடை சாய்த்து, பாக்கெட் நேராகத் தெரியும்வரை சரிசெய்துகொண்டு, நீட்டிக்கொண்டிருந்த ஒரு பிசிறு நூலைப் பல்லால் கடித்து எடுத்தாள்.