குழந்தை சிரிக்குதா?

தில்லை நகரில் ஒரு தோல் டாக்டரின் கிளினிக்கில் டோக்கன் போடுகிறேன். ஸ்ரீரங்கத்திலிருந்து வந்த ஒரு பெண், உதிர்ந்த முடியைத் தாளில் மடித்து எடுத்து வந்திருந்தாள். பிரசவமாகி நாலு மாதமாம். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்க ஆரம்பித்தால் அம்மாவுக்கு முடி கொட்டும் என்பார்கள் எங்கள் பக்கம். என் வாய் சும்மா இருக்காதே! “குழந்தை சிரிக்குதா?” என்று கேட்டுத் தொலைத்தேன்.

“பொறந்த அன்னிக்கே போயிட்டான்க்கா.”

டோக்கனை அவளிடம் நீட்டிவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டேன்.

பிரசவத்துக்குப் பிறகு இது சகஜம், மருந்து வேண்டாம், தானாக வளர்ந்துவிடும் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். வெளியே வந்தவள் என் கையைத் தொட்டாள்.

“வருத்தப்படாதீங்கக்கா. எங்கேயோ இருந்து என்னைப் பாத்துச் சிரிக்கிறான் போல.”

அந்தத் தாளை எறியாமல் கைப்பையில் பத்திரமாக வைத்துக்கொண்டு போனாள். இப்போதெல்லாம் பெயரும் வயதும் கேட்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.