வளைவில் நின்ற அக்கா

என் அக்காவை அவள் வேலை பார்க்கும் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் எல்லோரும் ஊசியம்மா என்பார்கள். நரம்பே தெரியாத கைகளையெல்லாம் அவளிடம்தான் அனுப்புவார்கள். முழங்கைக்கு மேல் ரப்பர் பட்டையைக் கட்டி, விரலால் தட்டிப் பார்த்து, "அந்தப் பக்கம் பாருங்க" என்பாள். திரும்பிப் பார்ப்பதற்குள் வேலை முடிந்திருக்கும். ஊசியைக் கண்டு நடுங்கும் ஆண்களை அதட்டி உட்கார வைப்பதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. வீட்டில் இருக்கும் ஒரே ஆணிடம் மட்டும் அந்த அதட்டல் செல்லுபடியாகாது.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். உயரமான கட்டடங்களின் உச்சியில், மோட்டார் அறைகளுக்குள் பாதி வாழ்நாளைக் கழித்தவர். போன வருடம் அப்படி ஒரு அறைக்கு ஏறும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு படியில் உட்கார்ந்துவிட்டார். அடைப்பு. ஸ்டென்ட் வைத்து வீட்டுக்கு அனுப்பிய டாக்டர், "சைக்கிள் ஓட்டலாம், நல்லதுதான். ஆனா ஓட்டிக்கிட்டே பேச முடியணும். பேச முடியலைன்னா இறங்கிடணும்" என்றார். அத்தான் காதில் முதல் பாதிதான் விழுந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டமாகக் கிளம்பும் ஒரு சைக்கிள் கிளப்பில் போய்ச் சேர்ந்துகொண்டார். நெஞ்சு விஷயத்தை அங்கே யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று அக்காவிடம் சத்தியம் வேறு வாங்கிக்கொண்டார். தெரிந்தால் சேர்த்துக்கொள்ள மாட்டார்களாம்.

அக்கா அழுது பார்த்தாள். பேசாமல் இருந்து பார்த்தாள். என்னைத் தூது அனுப்பினாள். அத்தான் எனக்கு நல்ல காபியாகப் போட்டுக் கொடுத்து, என் வீட்டு மிக்ஸியையும் பழுது பார்த்துத் தருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார். கடைசியில், ஐம்பதைத் தாண்டிய வயதில், அவளே சைக்கிள் பழகினாள். குடியிருப்புக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் இடத்தில் நான் சீட்டைப் பிடித்துக்கொண்டு ஓடினேன். அவளுக்கு முழங்கால் தேய்ந்தது, எனக்குச் செருப்பு தேய்ந்தது.

"அவர் பின்னாடியே போவேன். பேச்சுக் கொடுத்துக்கிட்டே போவேன். பதில் வந்தா நல்லாருக்கார்னு அர்த்தம்" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

சொன்னபடியே செய்தாள். கூட்டத்தின் நடுவில் அத்தான், அவர் சக்கரத்தை ஒட்டி இவள். "கேஸை மூடினீங்களா?" "மூடினேன்." "மாடிக் கதவு?" "அதையும்தான்." "உங்க தங்கச்சிக்குப் போன் பண்ணீங்களா?" கிளப் ஆட்கள் அத்தானைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகூட மனுஷனுக்கு விடுதலை இல்லையே என்று ஒருவர் காதுபடவே சொன்னாராம். அக்கா அதையும் வாங்கிக்கொண்டாள்.

அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம் உண்டு. திருப்பம் வரும் இடத்தில், தலைவருக்கு அடுத்து வருபவர் இறங்கி நின்று, பின்னால் வருகிறவர்களுக்குக் கையை நீட்டி வழிகாட்ட வேண்டும். எல்லோருக்கும் கடைசியில், ஆரஞ்சு மேலங்கி போட்டுக்கொண்டு ஒருவர் வருவார். அவரை 'வால்' என்பார்கள். வால் கடந்து போகும்வரை நிற்பவர் நகரக்கூடாது. நகர்ந்தால் பின்னால் வருகிறவர்கள் வழிதவறிப் போய்விடுவார்கள். மூன்றாவது ஞாயிறு, தலைவரான பல் டாக்டர் அக்காவை முன்னால் கூப்பிட்டார். "புதுசா வந்தவங்களும் பழகணும்ல. இன்னைக்கு நீங்க நில்லுங்க."

என்ன சொல்லி மறுப்பாள்? சொல்லக்கூடிய ஒரே காரணத்தைச் சத்தியம் போட்டுப் பூட்டியாகிவிட்டது. நீளமான ஒரு ஏற்றத்தின் உச்சியில், பூட்டிய கிடங்கு ஒன்றின் எதிரே, கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

கூட்டம் வந்தது. அத்தானும் வந்தார். நடுவில் அல்ல, முன்னால். இளவட்டங்களோடு போட்டி போட்டுக்கொண்டு, சீட்டை விட்டு எழுந்து மிதித்துக்கொண்டு. முகம் வெளிறிக் கிடந்தது.

"என்னங்க, தண்ணி குடிச்சீங்களா?" என்று கத்தினாள்.

பதில் இல்லை. கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு வளைவில் திரும்பிப் போய்விட்டார்.

அக்கா அடுத்து வந்த பெண்ணிடம், "முன்னாடி போற நீலச் சட்டைக்காரரைக் கொஞ்சம் பாத்துக்கம்மா" என்று கெஞ்சினாள். "அவரா? அவர்தான் எங்களையெல்லாம் பாத்துக்கறார்" என்று சிரித்துக்கொண்டே போனாள் அந்தப் பெண். அக்கா அத்தானுக்குப் போன் போட்டாள், எடுக்கவில்லை. வாலைக் காணோம். பின்னால் யாருக்கோ பஞ்சராம், அது அவளுக்குத் தெரியாது. போய்விடலாம் என்று இரண்டு முறை சைக்கிளில் ஏறினாள். இன்னும் வராதவர்களில் கல்லூரிப் பெண்கள் இருவர் உண்டு, வழி தெரியாதவர்கள். இரண்டு முறையும் இறங்கினாள். அந்த மனிதர் எந்தச் சாலையோரத்தில் கிடக்கிறாரோ, நான் இங்கே யாருக்கோ கை காட்டிக்கொண்டு நிற்கிறேனே என்று வாய்விட்டு அழுதாளாம். எத்தனை பேருடைய நாடியைப் பிடித்தவள். அன்று அவள் பிடிக்க ஒரு கைகூட எட்டவில்லை.

ஒருவழியாக ஆரஞ்சு மேலங்கி வந்தது. விழுந்தடித்துக்கொண்டு மிதித்தாள்.

டீக்கடை பெஞ்சில் அத்தான் பிஸ்கட்டை நனைத்துக்கொண்டு, லிஃப்டில் மாட்டிக்கொண்ட புதுமாப்பிள்ளை கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அக்காவுக்கு முதலில் நிம்மதி. அடுத்த நொடியே கோபம் வந்தது. அவரைத் தனியே இழுத்துப் போனாள்.

"கேட்டேனே, ஏன் பதில் சொல்லல?"

"ஏத்தம்ல, மூச்சு வாங்குச்சு."

"தனியா வந்தப்பவும் இப்படித்தான் மிதிச்சீங்களா?"

"ச்சே, அப்பல்லாம் பயந்துக்கிட்டுக் கடைசியில வாலோடதான் வருவேன். எங்கயாவது விழுந்து கிடந்தா யாருக்குத் தெரியும்?" என்றவர், இவள் கையில் டீயைக் கொடுத்தார். "இப்பதான் நீ கூட இருக்கியே. அந்தத் தைரியம்தான்."

பாராட்டாகத்தான் சொன்னார். முகமெல்லாம் சந்தோஷம்.

அன்று மதியம் அக்கா என் சமையலறையில் வந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். "நான் போனா வேகமா ஓட்டறார். போகலைன்னா, விழுந்தாத் தூக்க ஆள் இல்ல. என்னதான் பண்ணட்டும், நீயே சொல்லு."

அடுத்த ஞாயிறும் அவள் போனாள்.